அண்ணன் விட்டுப்போன பேஸ் கிட்டார்

திருப்பூரில் பின்னல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நான் மொரீஷியசுக்குப் போனது எண்பதுகளின் நடுவில். கரும்புக் காடுகளுக்கு இடையே எங்கு பார்த்தாலும் தகரக் கூரை போட்ட நீள நீளக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தொழிற்சாலை தேர் ரூஜ் என்ற ஊரில் இருந்தது. ஐரோப்பாவின் குளிருக்கு ஸ்வெட்டர் செய்து அனுப்பினோம். அதைச் செய்த பெண்களில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஊரில் எனக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று கொங்கு நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறேன். பேஸ் வாசிப்பவனை மேடையில் யாரும் கவனிப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. கிட்டார் குழுவுக்குச் சொந்தம் என்பதால் விட்டுவிட்டு வந்தேன். தேர் ரூஜில் கம்பெனி கொடுத்த அறையில் மாலை நேரங்களில் செய்ய எதுவும் இருக்கவில்லை. பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. அங்கே என்னைப் போன்ற முகங்கள் நிறைய உண்டு. கோயிலில் தேவாரம்கூடப் பாடுவார்கள். ஆனால் வெளியே வந்ததும் அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவார்கள். நானும் மெல்ல மெல்லக் கிரியோல் கற்றுக்கொண்டேன்.

தொழிற்சாலைப் பேருந்தை ஓட்டியவர் வாரக் கடைசியில் வடக்குக் கடற்கரையிலிருந்த ஒரு ஹோட்டலில் சொந்தக் குழு வைத்துப் பாடுபவர். ஒருநாள் காலையில் பேருந்து வானொலியில் ஓடிய பாட்டுக்கு என் விரல்கள் முன்னிருக்கையின் கம்பியில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"மாத்லோ, நீ பேஸ் வாசிப்பியா?" என்றார். மாத்லோ என்றால் அங்கே கூட்டாளி என்று பொருள்.

"வாசிப்பேன். ஆனா என்கிட்ட கிட்டார் இல்ல."

"எங்க பேஸ்காரன் ரெயூனியன் தீவுக்கு வேலைக்குப் போயிட்டான். கிட்டாரையும் தூக்கிட்டுப் போயிட்டான்."

ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்மணி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாலு கம்பி வச்ச பெரிய கிட்டார்தானே? எங்க வீட்ல ஒண்ணு கிடக்கு."

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியை உடம்போடு கண்ணி கண்ணியாகக் கோக்கும் வேலை அவருக்கு. ஒரு கண்ணி தவறினாலும் மொத்தமும் பிரிந்துவிடும் என்பதால் அந்த மேசையில் யாரும் பேசமாட்டார்கள். அவர் மற்ற நேரத்திலும் அதிகம் பேசுவதில்லை. புதுச்சேரியிலிருந்து எப்போதோ வந்த தச்சர்களின் வழி. பல தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். வீட்டில் தமிழ் போய்விட்டது. ரசத்தை 'ராசோன்' என்பார்கள், அண்ணனை 'அன்னேன்' என்பார்கள். அவ்வளவுதான் மிச்சம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தாம்பி' என்றார். மற்றபடி எங்கள் பேச்செல்லாம் கிரியோல். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறைகள். சுவரில் மாதா படம், அதன் அடியில் அவருடைய அம்மாவின் படம். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். கீல்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. திறந்ததும் பூஞ்சை வாடை வந்தது.

உள்ளே இருந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த பேஸ் கிட்டார். அந்த மாதிரியைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். ஓரத்தில் கறுப்பாகத் தொடங்கி நடுவில் தேன் நிறத்துக்கு மாறும் வண்ணம். அரக்குப் பூச்சு முழுக்க மெல்லிய வெடிப்புகள். கம்பிகள் முடியும் இடத்தில் ஒரு பளபளத்த உலோக மூடி. அதற்கு அடியில் ஒலியை அமுக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. கம்பிகள் மட்டும் அப்படியே இருந்தன. தட்டையான உலோக நாடா சுற்றிய வழவழப்பான கம்பிகள். பூட்டிய நாளிலிருந்து யாரும் மாற்றியிருக்க வழியில்லை.

"மோ ஃப்ரேர்," என்றார். என் அண்ணனுடையது என்று.

வக்குவாவில் இருந்த ஆங்கிலேயக் கடற்படை முகாமின் மாலுமி ஒருவரிடமிருந்து அண்ணன் அதை வாங்கினாராம். தீவு முழுக்க அப்படி இன்னொன்று கிடையாது என்று சொல்லிக்கொள்வாராம். தீவுக்குச் சுதந்திரம் வந்த அறுபத்தெட்டில், இனி என்ன ஆகுமோ என்று பயந்து கப்பலேறியவர்களோடு அவரும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கிட்டாரை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார்.

"இத எடுக்க நான் வந்துதானே ஆகணும்னு அம்மாகிட்ட சொன்னான். அம்மாவும் நம்பினாங்க."

"வந்தாரா?"

"அம்மா சாவுக்கே வரல." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கரையான் அரிச்சா யாருக்கும் ஆகாது. நீ வாசி."

அதைச் சரிசெய்ய எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. உள்ளே போகும் இரும்புக் கம்பியை முறுக்கித்தான் நிமிர்த்த வேண்டும். ஒரே நாளில் முறுக்கினால் மரம் பிளந்துவிடும். தினமும் கொஞ்சமாகத் திருப்பிவிட்டு மறுநாள் வரை காத்திருந்தேன். சுருதிச் சாவிகளுக்குப் பின்னல் ஊசிகளுக்கு விடும் எண்ணெயை விட்டேன். காணாமல்போன ஒரு திருகைத் தொழிற்சாலைப் பட்டறையில் நானே கடைந்துகொண்டேன்.

சத்தம் வந்தபோது நான் எதிர்பார்த்ததைவிட இருண்டதாக இருந்தது. புதுக் கம்பிகளைப் போல மினுங்காது. ஒரு சுரம் எழும்பும், உடனே தணிந்துவிடும். பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி.

ஹோட்டலின் மேடை நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். பொழுது சாயும் நேரத்தில் வாசிக்க ஆரம்பிப்போம். ஐரோப்பியர்கள் வெயிலில் சிவந்த தோள்களோடு வந்து உட்காருவார்கள். குளத்து மோட்டார் ஓடினாலோ, மேடை விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தாலோ அந்தப் பழைய கிட்டார் 'ம்ம்ம்' என்று இரையும். கடலைப் பார்த்துத் திரும்பி நின்றால்தான் இரைச்சல் அடங்கும். விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான் இந்த இந்தியன் என்று மேலாளர் கடிந்துகொண்டார். நான் திரும்பவில்லை. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கழித்துப்போட்ட ஸ்வெட்டர்த் துணியால் கம்பிகளைத் துடைப்பேன். இசையில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைவிட, அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிடுவோமோ என்கிற கவலைதான் பெரிதாக இருந்தது. பாட்டுகளும் தினமும் அதே பாட்டுகள். கைதட்டலும் அதே கைதட்டல். அறைக்குத் திரும்பும்போது ஏனோ மனசு கனக்கும்.

கடலைப் பார்த்து நின்றதால்தான் அக்காவைப் பார்த்தேன். ஹோட்டலின் கயிற்று எல்லைக்கு வெளியே, பொதுக் கடற்கரையில், சவுக்கு மரங்களுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. அதன்பிறகு பெரும்பாலான சனிக்கிழமைகளில் வந்தார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகும்வரை இருப்பார். பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

"உள்ளே வாங்களேன், அக்கா. ஒரு நாற்காலி போடச் சொல்றேன்," என்று ஒருமுறை சொன்னேன்.

"நான் எதுக்கு அங்கே? இங்கேயே கேக்குது." மேடைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிப்பான். ஆஸ்திரேலியாவுலயும் ஒரு பெரிய கிளப்ல வாரா வாரம் வாசிக்கிறானாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயும் அதைத்தான் எழுதுவான். அவன் பாட்டு வருமோன்னு அம்மா ஞாயித்துக்கிழமை முழுக்க ரேடியோவ அணைக்க விடமாட்டாங்க."

இப்படியே சில வருடங்கள் போயின.

பிறகு ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கூட்டம் குறைவு. இடைவேளையில் பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு பருத்த மனிதர் மேடையருகே வந்தார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. இடது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அந்தக் கிட்டார் எங்கே கிடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய கிட்டார்களைப் பற்றி விசாரிக்கும் சுற்றுலாப் பயணிகள் அவ்வப்போது வருவார்கள். ஒருவர் கொடுத்தார் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன்.

அவர் வலது கையை நீட்டிக் கிட்டாரின் பின்பக்கத்தைத் தடவினார். கழுத்துக்குக் கீழே, பார்க்காமலேயே, ஒரு ஆழமான கீறலை விரலால் கண்டுபிடித்தார். பிறகு கிரியோலில் கேட்டார்.

"அவ வித்துட்டாளா?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "இல்ல. விக்கல. வாசிக்கக் குடுத்திருக்காங்க."

"எப்படி இருக்கா?"

அவருடைய தோளுக்கு மேலாக எனக்கு அக்கா தெரிந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு அதே சவுக்கு மரத்தடியில், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"நான் வந்திருக்கறத அவகிட்ட சொல்லாதே," என்றார் அவர். "மூணு நாளா இங்கேதான் இருக்கேன். தினமும் டாக்ஸி கூப்பிடறேன். தினமும் திருப்பி அனுப்பிடறேன்." கலங்கிய கண்களைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். தூரத்து மேசையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவருடைய மனைவி, எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குழுத்தலைவர் அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டார். நான் கடலைப் பார்த்துத் திரும்பியபோது அக்கா எழுந்து பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

திங்கள்கிழமை காலையில் அக்காவின் இயந்திரத்தில் ஒரு ஊசி உடைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் குனிந்து ஊசியை மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"சனிக்கிழமை உன்கிட்ட பேசினானே, அந்தக் குண்டு டூரிஸ்ட், யாரு அவன்? கிட்டார எதுக்குத் தடவிப் பார்த்தான்?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்க அண்ணன், அக்கா."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவனா? அந்தக் கிழவனா?"

நான் தலையாட்டினேன்.

"நான் அவன நல்லாப் பார்த்தேனே," என்றார். "நேரா முகத்தப் பார்த்தேனே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வரவில்லை என்பதோ, ஹோட்டலில் தங்கினார் என்பதோ அந்த நேரத்தில் அக்காவைத் தொடவில்லை. பார்த்தும் அடையாளம் தெரியவில்லையே என்பதுதான். மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா ஒரு கழுத்துப் பட்டியை எடுத்து ஊசிகளில் கோக்கத் தொடங்கினார். எதையும் தவறவிடவில்லை.

வேலை முடிந்து பேருந்தில் ஏறும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு. நீயும் வா. அதையும் எடுத்துட்டு வா."

ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் அண்ணன் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கோழிக் குழம்பும் ராசோனும் செய்திருந்தார். வாசலில் டாக்ஸி நின்றது. அவரும் மனைவியும் இறங்கினார்கள். அக்கா கதவருகே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள், அங்கே அறிமுகமானவர்கள் யாரும் செய்துகொள்வதுபோல. "அன்னேன்," என்றார் அக்கா. அவ்வளவுதான். அண்ணன் அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சிலுவைக் குறி போட்டுக்கொள்ள வலது கையை உயர்த்தியபோது, இடது கை தானாகவே பையிலிருந்து வெளியே வந்தது.

நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை. சுண்டுவிரல் மடங்கிய நிலையில் விறைத்திருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேஸ் வாசிப்பவன் என்பதால் அதன் அர்த்தம் எனக்கு உடனே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

"எப்போ?"

"அங்கே போன ரெண்டாவது வருஷம். கார் ஃபேக்டரி. தகடு அழுத்தற மெஷின்."

"ரெண்டாவது வருஷம்," என்றார் அக்கா. "அப்போ அந்தக் கிளப்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாரா வாரம் வாசிக்கிறேன்னு எழுதினியே?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? பேஸ் வாசிக்கிறவன்னுதான் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். வந்தா கைய காட்டணும். அதனாலதான் வரல. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு."

"அம்மாவுக்கு உன் கிட்டாரா வேணும்?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "சாகும்போதும் ரேடியோவ வைக்கச் சொன்னாங்க. வச்சேன். யாரோ எவனோ பாடிட்டிருந்தான். இதுல நீ வாசிக்கிறேன்னு நான் சொன்னேன். அத நம்பிக்கிட்டே போனாங்க. உன் பொய்ய நீ அங்கே உக்காந்து எழுதின. நான் இங்கே அவங்க காதுல சொன்னேன்."

மொழி தெரியாத மனைவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குக் கழுவப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணன் மெதுவாகப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

நான் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வலது கை விரல்களைக் கம்பிகளின் மேல் வைத்தார். ஒரு கம்பியை மீட்டினார். பழக்கத்தில் என் இடது கை போய்க் கிட்டாரின் கழுத்தில் ஒரு இடத்தை அழுத்தியது. அடுத்ததை மீட்டினார். நான் அழுத்தினேன். அந்தத் தீவின் சேகா ஆட்டத் தாளத்துக்கான மிகச் சாதாரணமான ஒரு நடை. அக்கா சொன்னது உண்மைதான். என்னைவிட அண்ணன் மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு சுரமும் விழுவதற்கு முன்னால் ஒரு சிறிய தயக்கம் இருந்தது. அதில்தான் எல்லா அழகும் இருந்தது. எத்தனையோ வருடங்களாக நான் அந்தக் கிட்டாரில் வாசித்தது பாதிதான் என்று தோன்றியது. ஒலிபெருக்கி இல்லாததால் சத்தம் எங்கள் மூன்று பேருக்குத்தான் கேட்டது. அவர் மனைவி வாயைக் கையால் மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் கணவர் வாசித்து அவர் கேட்டதே இல்லையாம். பிற்பாடு சொன்னார்.

"போதும்," என்று அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. "கிளம்பும்போது அத எடுத்துட்டுப் போ," என்றார்.

"எனக்கு எதுக்கு? இந்தப் பையன்கிட்டயே இருக்கட்டும். நல்லா வச்சிருக்கான்."

"இதுக்காக வருவேன்னு சொன்ன. வந்துட்ட. இனி உன் சாமான் எதுவும் என் வீட்ல வேண்டாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். கடைசியாக ஒருமுறை கம்பிகளைத் துடைத்துப் பெட்டியை மூடிக் கொடுத்தேன். டாக்ஸியின் பின்பெட்டியில் அது கொள்ளவில்லை. பின்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்து பெட்டியை மடிகளின் குறுக்கே வைத்துக்கொண்டார்கள். வண்டி திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றார். கையசைக்கவில்லை. உள்ளே போய் மிச்சமிருந்த சோற்றைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார்.

அதன்பிறகு குழுத்தலைவர் எனக்கு ஒரு புது பேஸ் கிட்டார் ஏற்பாடு செய்தார். ஜப்பானில் செய்தது. இரைச்சலே கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி நிற்கலாம். மேலாளருக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தத் தயக்கத்தை அதில் கொண்டுவர நான் முயன்று பார்த்தேன். தாளம் பிசகுகிறது என்று குழுத்தலைவர் முறைத்தார். விட்டுவிட்டேன். சவுக்கு மரத்தடியில் யாரும் வந்து உட்காரவில்லை. அக்கா தொழிற்சாலையில் என்னிடம் முன்போலத்தான் பேசினார். அண்ணனைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு மூன்று வருடங்களில் எனக்கும் வாசிப்பதில் பிடிப்பு விட்டுப்போனது. வேலையைக் காரணம் காட்டிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் கூலி குறைவான மடகாஸ்கருக்கு இயந்திரங்களைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். கழற்றிக் கப்பலுக்கு அனுப்பும் வேலையை நான்தான் செய்தேன். பெண்களை முதலில் பாதி நாள் வேலைக்கு வரச் சொன்னார்கள், பிறகு வர வேண்டாம் என்று சொன்னார்கள். அக்கா ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போர்ட் லூயிஸில், வடக்கே போகும் பேருந்துகள் நிற்கும் இடத்தில். நான் ஊர் திரும்ப விமானச் சீட்டு வாங்க வந்திருந்தேன். மழை வரும்போல இருந்தது. வரிசையில் முன்னால் நின்றிருந்த அக்கா மெலிந்திருந்தார். வெளுப்புப் பொடியால் கைகள் சிவந்து வெடித்திருந்தன.

"அவன் போயிட்டான், தாம்பி," என்றார். "நெஞ்சுவலி. அவன் பொண்டாட்டி பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னா. அவ பேசினது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. அழுதா. அது புரிஞ்சுது."

"நீங்க அழுதீங்களா, அக்கா?"

"அன்னைக்கு எதுவும் வரல. மறுநாள் வேலைல, ஈரப் படுக்கை விரிப்ப உதறிட்டிருந்தேன். அப்போ வந்துது. உக்கார வச்சாங்க. தண்ணி குடுத்தாங்க."

கிட்டார் என்ன ஆனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இந்தியாவுக்குத் திரும்பிப் போவதைச் சொன்னேன். அம்மா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "நல்லது. சீக்கிரம் போ," என்றார்.

பேருந்து வந்தது. அக்கா படியில் ஏறி உள்ளே போனார். சன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தூறல் விழ ஆரம்பித்ததும் உள்ளே இருந்தவர்கள் சன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு யார் முகமும் தெரியவில்லை.